ரிவர்ஸ் அக்கா

ஆபீஸ் கூட்டத்தின் நடுவில் எழுந்து, அக்கா மேசையை இடப்பக்கமாகச் சுற்றிப் போய் ஜன்னலைச் சாத்தினார். இன்னும் இரண்டு எட்டு அதே பக்கமாக வைத்தால் அவருடைய நாற்காலி. அதை விட்டுவிட்டு, வந்த வழியே, உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய முழங்கால்களையும் தரையில் கிடந்த புரொஜெக்டர் வயரையும் மறுபடி தாண்டித் திரும்பி வந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கணக்கர் மட்டும் பக்கத்து ஆளிடம் குனிந்து, "அப்படியே வந்திருந்தா பக்கம்தானே, ஏன் சுத்திக்கிட்டு வர்றாங்க?" என்றார்.

"அவங்க சுத்திக்கிட்டு வரல. சுத்திக்காம வர்றாங்க."

கணக்கருக்கு இந்தப் பதில் விளங்க ஒரு மாதம் பிடித்தது.

விஷயம் இதுதான். தண்ணீருக்கடியில் போய்வரும் ஆளில்லா வண்டிகளுக்கு இந்த அம்மாள் மென்பொருள் எழுதுகிறார். வண்டி என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு சின்ன ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டு மஞ்சள் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். மூலைக்கு ஒரு விசிறி, முன்னும் பின்னும் ஒவ்வொரு கேமரா, முதுகிலிருந்து கிளம்பிக் கரை வரைக்கும் வரும் விரல் பருமனில் ஒரு கேபிள். ரேடியோ அலைக்குத் தண்ணீரில் மரியாதை கிடையாது. ஆகவே எல்லாமே அந்தக் கேபிள் வழியாகத்தான். கரையில் ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து குச்சியைத் தள்ளினால் கீழே விசிறி சுழல வேண்டும். கீழே வண்டி பார்த்ததும் முட்டியதும் மேலே படமாகவும் எண்ணாகவும் வர வேண்டும். நடுவில் உட்கார்ந்து இரண்டு தரப்புக்கும் துபாஷி வேலை பார்ப்பது அக்காவின் மென்பொருள்.

கேபிள் கட்டிய வண்டிக்கு ஒரு தர்மம் உண்டு. ஒரு தூணை முழுதாகச் சுற்றினால் கேபிளும் தூணைச் சுற்றிக்கொள்ளும். எந்தத் திசையில் சுற்றினாயோ அதற்கு எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றி அவிழ்த்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். சுற்றுகளை நினைவில் வைத்துக்கொள்ள மனிதருக்கு வக்கில்லை என்பதால், திரையின் மூலையில் ஒரு சின்ன எண்ணை வைத்தார் அக்கா. வலப்பக்கச் சுற்றுக்கு ஒன்று கூடும், இடப்பக்கச் சுற்றுக்கு ஒன்று குறையும். பூஜ்யம் என்றால் சிக்கல் இல்லை, கிளம்பலாம். பல வருடங்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒருநாள் அது திரையை விட்டு இறங்கி அவர் இடுப்பில் ஏறிக்கொண்டது. தன் முதுகிலும் ஒரு கேபிள் இருக்கிற மாதிரிதான் இன்றைக்கு அவர் நடமாடுகிறார்.

பூங்காவில் எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். அக்கா பாதி நேரம் அந்தத் திசை, பாதி நேரம் எதிர்த்திசை. அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியும். டீயில் சர்க்கரை போட்டால் கரண்டியை இப்படிச் சில சுற்று, அப்படிச் சில சுற்று. "கரையறதுக்குக் கலக்குறியா, கலைஞ்சிடாம இருக்கக் கலக்குறியா?" என்பார் அவர் கணவர். சுழல்கதவு அவருக்கு ஜென்மப் பகை. உள்ளே போகும்போது அரைச் சுற்று, வெளியே வரும்போது அதே திசையில் மீதி அரைச் சுற்று; அவிழ்க்க வழியே வைக்காமல் கட்டியிருக்கிறார்கள் பாவிகள். அப்படிக் கதவு வைத்த வங்கியில் அவர் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

ரிவர்ஸ் அக்கா என்ற பெயரை வைத்தவர் பைலட். இந்தப் பைலட் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது தண்ணீருக்கடியில் ஓடும் வண்டியைக் கரையில் உட்கார்ந்து ஓட்டுகிறார். அக்காவைவிட வயதில் மூத்தவர். இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கம்பெனியின் முதலாளியும் அப்படித்தான். வண்டிக்கு எருமை என்று பெயர் வைத்ததும் பைலட்தான். சேற்றைக் கண்டால் விடாது, சொன்னால் உடனே கேட்காது, ஆனால் நம்பி இறங்கலாம் என்று மூன்று காரணம் சொல்லுவார். கம்பெனியில் இருப்பது ஒரே ஒரு எருமை.

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. "கணுக்காலுக்கு மேல தண்ணி வந்தா எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை இல்ல," என்பார். அணை, துறைமுகம், பாலத்தின் அடி என்று அவர் பார்க்காத ஆழமில்லை; நனைந்ததுதான் இல்லை.

ஏதாவது கெட்டுப்போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அலுவலக லிஃப்ட் ஒருமுறை இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் கதவைக் குத்தினார், ஒருவர் கடவுளைக் கூப்பிட்டார். அக்கா மட்டும் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அட, இது நல்லாருக்கே! மாடி வந்திடுச்சுன்னு இதுக்கு யாரு சொல்லியிருப்பா?" என்றார். அந்த 'அட, இது நல்லாருக்கே' என்ற வாக்கியத்தைக் கேட்டால் முதலாளி செக் புக்கைத் தேடுவார். அக்கா அதைச் சொல்லி எதுவும் நன்றாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

இன்னொரு வினோதம். வேலையில் அவர் எதையும் அழிக்கமாட்டார். எருமை கண்டதையெல்லாம் அவருடைய மென்பொருள் எழுதிவைக்கிறது. வாளித் தண்ணீரில் வைத்துச் சோதித்தபோது வாளியின் அடி எவ்வளவு ஆழம் என்பதுகூட இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. ஓட்டுகிறவர் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினார், எந்தப் பட்டனை எப்போது அமுக்கினார் என்பதும் உண்டு. பைலட்டுக்கு இதில் ஏக வருத்தம்.

"நான் மூக்கு சொறிஞ்சதையும் எழுதி வச்சிருப்பீங்களே?"

"அதுக்குப் பட்டன் இல்லயேப்பா. இருந்தா எழுதியிருப்பேன்."

வீட்டில் நேர் எதிர். கண்ணில் பட்டதெல்லாம் குப்பைக்குப் போகும். கீழே சலவைக்கடை, மேலே வீடு, கடை கணவருடையது. வாடிக்கையாளரின் துணியைத் தவிர வேறெதுவும் அந்தக் கட்டடத்தில் பத்திரமில்லை என்பது கணவரின் புகார். "எருமை எந்த வருஷம் எந்தச் சுவத்துல தலைய இடிச்சுதுன்னு கேளுங்க, டாண்ணு சொல்லுவா. என் கண்ணாடிக் கூடு எங்கடின்னு கேட்டா, அது குப்பைன்னு நினைச்சேன்ங்கிறா."

ஒருநாள் இந்த இரண்டு பேருடைய பிழைப்பும் ஒரே குழாயில் மாட்டிக்கொண்டது.

ஊருக்குக் குடிநீர் வருவது ஒரு பெரிய ஏரியிலிருந்து. ஏரிக்குள் ஒரு கான்கிரீட் கோபுரம்; கோபுரத்தின் அடியில் இருட்டறை; அறையில் வரிசையாகத் தூண்கள். ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய், அதாவது ஊரின் தொண்டை, அங்கிருந்துதான் தொடங்குகிறது. தூண்களில் விரிசல் இருக்கிறதா என்று எருமையை இறக்கிப் பார்க்கச் சொன்னது குடிநீர் இலாகா. வண்டியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதால் காலையிலேயே குழாய்க் கதவை இறக்கிவிட்டார்கள். மேல்நிலைத் தொட்டிகளில் இருப்பது மத்தியானம் வரை தாங்கும், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார் குடிநீர் இன்ஜினியர்.

கரைமேல் ஒரு தகரக் கேபின். அதற்குள் பைலட், அக்கா, முதலாளி, இன்ஜினியர். பைலட் ஒவ்வொரு தூணாக ஒரு சுற்றுச் சுற்றிப் படமெடுத்து, எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு போனார். கடைசித் தூணில் முதல் சுற்று முடிகிற நேரத்தில் திரை உறைந்துவிட்டது. எருமைக்கு ஒரு நல்ல குணம்: மேலிருந்து சொல் வராவிட்டால் இருந்த இடத்திலேயே நிற்கும். அக்கா மென்பொருளை நிறுத்தி மறுபடி கிளப்பினார். அதற்குள் பைலட் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். புதுத் திரை பளிச்சென்று இருந்தது. மூலையில் பூஜ்யம். அவிழ்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பைலட் எருமையை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

கொஞ்ச தூரம் வந்ததும் கேபிள் விறைத்தது. எருமை நின்றது. விசிறிகள் கிளப்பிய சேற்றில் திரை முழுக்க ஒரே பழுப்பு.

"என்னாச்சு?" என்றார் முதலாளி.

"கடைசித் தூணுல கேபிள் சுத்தியிருக்கு. ஆனா மூலையில ஜீரோன்னுதான் போட்டிருக்கு, பாருங்க. ஜீரோன்னா சுத்து இல்லன்னு அர்த்தம்," என்று திரையை நம்புவதா கேபிளை நம்புவதா என்று தெரியாமல் விழித்தார் பைலட்.

அக்கா மூக்கு திரையில் படுகிற மாதிரி குனிந்து அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இது நல்லா—"

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு மட்டும் அதைச் சொல்லாதீங்க," என்றார் முதலாளி.

"சரி, சொல்லல. ஆனா தப்பு பைலட்டோடது இல்ல, என்னோடது. மறுபடி கிளம்பினா ஜீரோலேர்ந்து ஆரம்பின்னு எழுதினவ நான். கிளம்பினப்போ அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியலன்னு சொல்லியிருக்கணும். ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார் இன்ஜினியர்.

"டப்பாவைத் தொறந்து பாத்துட்டு சர்க்கரை இல்லைங்கிறதும், டப்பாவைத் தொறக்காமலே சர்க்கரை இல்லைங்கிறதும் ஒண்ணா சார்?"

இன்ஜினியர் அதை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எருமையோ கேபிளோ உள்ளே இருக்கும்வரை குழாய்க் கதவைத் தூக்க முடியாது. தூக்கினால் அதுவே போய் ஊரின் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொள்ளும். முக்குளிப்போரை வெளியூரிலிருந்துதான் கூட்டிவர வேண்டும். அவர்கள் வந்து எடுக்கும்வரை, நாள் கணக்கில், ஊருக்குத் தண்ணீர் இல்லை.

"வேணும்னா கயிறு இழுக்கிற மாதிரி இழுத்துப் பாத்துடலாமே," என்றார்.

"இழுத்தா கேபிளுக்குள்ள சேதி கொண்டுபோற கண்ணாடி நூல் அறுந்துடும் சார். அப்புறம் அது எருமை இல்ல, பாறாங்கல்லு," என்றார் பைலட்.

"பின்ன என்னதான்யா பண்றது? இதையே முதலா வச்சு அடுத்த வேலைக்கு வேற ஒத்துக்கிட்டேனே நான்!" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

"தண்ணியில கிடக்கிற எருமைக்குக் கரையில விலை பேசாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றார் பைலட், அந்த நிலையிலும்.

செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். தூணிடம் திரும்பப் போய் எதிர்த்திசையில் ஒரு சுற்று. ஆனால் எதற்கு எதிர்? முதல் சுற்று எந்தத் திசையில் என்று தெரியாமல் கிளம்பினால், அவிழ்வதற்குப் பாதி வாய்ப்பு, இன்னொரு சுற்று இறுகுவதற்குப் பாதி வாய்ப்பு. இறுகினால் கதை முடிந்தது. சுழற்சியை அளக்கும் கருவி அந்தச் சுற்றின்போது வாயே திறக்கவில்லை. அதன் பதிலுக்காகக் காத்திருந்துதான் திரையே உறைந்திருக்கிறது.

"எனக்குத் தெரியும் அக்கா. தூண் எனக்கு இடப்பக்கம் இருந்துச்சு. சத்தியமா. அப்படின்னா இடச்சுத்து. வலப்பக்கமா ஒரு சுத்துச் சுத்தினா அவுந்துடும்," என்று குச்சியில் கை வைத்தார் பைலட்.

"கையை எடுங்க," என்றார் அக்கா.

அவர் குரல் உயர்ந்ததில்லை. அன்றும் உயரவில்லை. ஆனால் பைலட் குச்சியைச் சூடு பட்ட மாதிரி விட்டார்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. கணவர்.

"வீட்டுல தண்ணி வரல. கடையிலயும் வரல. தொட்டியில இருந்தது தீர்ந்துபோச்சு. லாட்ஜ் விரிப்பு மொத்தமும் மெஷினுக்குள்ள பாதில நிக்குது. குழாயத் தொறந்தா காத்துதான் வருது."

"தெரியும்ப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"எப்ப விடுவ?" என்றார் கணவர், மிகுந்த பணிவோடு.

"இடமா வலமான்னு தெரிஞ்சதும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அக்கா வெளியே போனார். லாரியில் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு கிடந்தது. அதன் ஒரு முனையைக் கேபின் கதவின் கைப்பிடியில் கட்டினார். இன்னொரு முனையைத் தன் இடுப்பில் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டார். இத்தனை வருடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கயிறு அன்றைக்குத்தான் ஊர் கண்ணுக்குத் தெரிந்தது. சிமென்ட் தரையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்.

"இது தூண். நான் எருமை. பைலட், நீங்க லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வாங்க. சுழற்சி பேசலைன்னா போகுது, குச்சி பேசியிருக்கும். நீங்க குச்சியை எப்படித் தள்ளினீங்கன்னு இருக்கிறதை அப்படியே படிங்க. உங்க ஞாபகத்துலேர்ந்து சொல்லாதீங்க. எழுதியிருக்கிறதை மட்டும்."

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று இன்ஜினியர் முதலாளியிடம் கேட்டார். முதலாளி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் பைலட் சொன்ன ஞாபகப்படியே நடந்து காட்டினார் அக்கா. நாற்காலி இடக்கைப் பக்கம் இருக்கும்படி முன்னால் நடந்து ஒரு சுற்று வந்தார். கயிறு நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. "இதானே நீங்க சொல்றது?"

"இதேதான்."

அக்கா வந்த வழியே திரும்பி அவிழ்த்துக்கொண்டு, ஆரம்பித்த இடத்தில் போய் நின்றார். "இப்ப படிங்க."

பைலட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற தோரணையில் படித்தார். "முன்னால... முன்னால... கொஞ்சம் இடம்... நில்லு. கேமரா ரெண்டு. அப்புறம்..." அவர் நிறுத்தினார்.

"கேமரா ரெண்டுன்னா?" என்றார் இன்ஜினியர்.

"பின்பக்கக் கேமரா," என்றார் பைலட் மெதுவாக. "முன்பக்க லைட்டுல ஏதோ குப்பை வந்து ஒட்டிக்கிச்சு. ஒண்ணும் தெரியல. அதான் பின் கேமராவைப் போட்டு..."

"அடுத்த வரி என்ன?"

"பின்னால. பின்னால. பின்னால." பைலட்டின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "பக்கம் முழுக்கப் பின்னாலதான் இருக்கு அக்கா."

அக்கா நாற்காலியை அதே இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, இந்த முறை பின்புறமாக நடக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவில்லை. குறுக்கே நின்ற இன்ஜினியர்மேல் முதுகால் இடித்தார். இன்ஜினியர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகினார். சுற்று முடிந்தது. அக்கா குனிந்து பார்த்தார். கயிறு நாற்காலியைச் சுற்றியிருந்தது, முதலில் சுற்றியதற்கு நேர் எதிராக.

தூண் இடப்பக்கம் இருந்தது உண்மை. பைலட் சத்தியம் செய்தது பொய்யில்லை. எருமை பின்னால் போய்க்கொண்டிருந்தது என்பதைத்தான் அவர் ஒரு டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டார். மென்பொருள் மறுபடி கிளம்பியபோது, வழக்கம்போல, முன்பக்கக் கேமராவைக் காட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. லைட்டை மறைத்த குப்பையும் அதற்குள் உதிர்ந்துவிட்டதால், பின்னால் போன சுவடே திரையில் இல்லை.

பைலட் நாற்காலியையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார். சற்று முன்பு அவர் குச்சியைத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்த நாற்காலிக்காலில் தெரிந்தது. அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது: "அட... இது நல்லாருக்கே."

"நீயுமாய்யா?" என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கச் சுவாரசியமாக ஒன்றும் இல்லை, திரையில் சேறுதான். பைலட் கேபிளைத் தளர்த்தி எருமையைப் பின்னுக்கு நகர்த்தினார். சத்தம் அனுப்பித் தூரம் அளக்கும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, குருடர் சுவரைத் தடவுகிற மாதிரி, தூணைக் கண்டுபிடித்தார். "அதே இடப்பக்கம். ஆனா முன்னால," என்று அக்கா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எருமை ஊர்ந்தது. கேபினுக்குள் நான்கு பேரும் மூச்சு விடுவதைக்கூடச் சிக்கனமாகச் செய்தார்கள். பாதிச் சுற்றில் கேபிள் எதிலோ உரசுகிற மாதிரி எண்கள் துள்ளின. பைலட் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "போங்க," என்றார் அக்கா. சொல்லும்போது அவருடைய வலக்கை இடுப்புக் கயிற்றின் முடிச்சைப் பிடித்திருந்தது. அதை அவிழ்க்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

கரையில் கேபிள் தொய்ந்தது. மெல்ல, சோம்பேறித்தனமாக, தண்ணீரில் ஒரு வளைவு போட்டுக்கொண்டு மிதந்தது.

திரையின் மூலையில் இடச்சுற்று ஒன்று பாக்கி என்று காட்டியது. அவிழ்க்கப் போட்ட சுற்றைப் புதுச் சுற்று என்று எண்ணியிருக்கிறது அந்தப் பேதை. சிக்கல் இருந்தபோது இல்லை என்றது; சிக்கல் தீர்ந்தபோது இருக்கிறது என்றது. அக்கா அதை விழுந்து விழுந்து ரசித்தார்.

எருமை கரையேறியதும் இன்ஜினியர் வேறெதுவும் பேசாமல் குழாய்க் கதவைத் தூக்கச் சொல்லி ஓடினார். தூண்களில் விரிசல் இருந்ததா என்று கேட்க அவருக்கு மறந்தே போயிற்று. முதலாளி மட்டும் ஈரக் கேபிளைத் தடவிக்கொண்டு, "இலாகாவுக்கு என்னன்னு சொல்றது? யார் தப்புன்னு கேப்பாங்களே?" என்றார்.

"என் தப்புன்னு சொல்லுங்க. பின்னால போனதை மறந்தது நான்தானே," என்றார் பைலட்.

"அதெப்படி? ஜீரோ போட்டது நான்," என்றார் அக்கா. "எனக்கு வர வேண்டியதை நீங்க எடுத்துக்காதீங்க."

இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் அக்கா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாலைந்து வரிகளை மாற்றிவிட்டார். இப்போதெல்லாம் அந்த மென்பொருள் மறுபடி கிளம்பினால் மூலையில் பூஜ்யம் வருவதில்லை. ஒரு கேள்விக்குறி வருகிறது. நிறுத்துவதற்கு முன் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று யாராவது பார்த்துச் சொன்னால்தான் வண்டி நகரும். பைலட்டுக்கு இதிலும் வருத்தம். "டிக்கெட்டைக் காட்டினாத்தான் இறங்க விடுவேன்னு வாசல்ல நிக்கிற கண்டக்டர் மாதிரி நிக்குது அக்கா," என்கிறார். ஆனால் டீக்குப் போகும்போது இப்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ கிறுக்கிக் குச்சியடியில் செருகிவிட்டுப் போகிறார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது கடையில் எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர. அதன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கணவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்றபோது பாதியில் மாட்டிய லாட்ஜ் விரிப்புகள். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கப்பல் கட்டும் வடம் மாதிரி திரண்டு கிடந்தன.

"வந்துட்டியா? உன் புண்ணியத்துல வந்த வினையைப் பாரு. நீ அந்தப் பக்கம் பிடி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இழு இழுத்தா—"

"இழுக்காத."

"இழுக்காம எப்படி வரும்?"

"எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னு பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியலன்னு சொன்ன பாரு, அது போதும். அப்படியே அசையாம பிடிச்சுக்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா ஒரு முனையைக் கையில் எடுத்தார். முறுக்கின்மேல் விரலை வைத்து, அது எந்தப் பக்கம் சரிந்து போகிறது என்று கொஞ்ச தூரம் தொடர்ந்து போனார். பிறகு துணியை முறுக்கவில்லை. முனையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவரே நின்ற இடத்தில் திரும்ப ஆரம்பித்தார். மெதுவாக ஒரு முழுச் சுற்று. வடம் சற்று இளகியது. இன்னொரு சுற்று. ஈரம் தரையில் சொட்டியது. கணவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த கேலியை விழுங்கிக்கொண்டு பார்த்தார். மூன்றாவது சுற்றில் விரிப்பு பொத்தென்று விட்டுக்கொடுத்து, இருவருக்கும் நடுவில் அகலமாக, வெள்ளையாக விரிந்து நின்றது.

அக்கா கையைத் தாழ்த்தினார். பழக்கத்தில் அவர் வலக்கால் தரையை விட்டு எழும்பியது, வந்த திசைக்கு எதிராகத் திரும்ப. காலை அந்தரத்தில் வைத்தபடியே, முறுக்கு அவிழ்ந்து விரிந்த விரிப்பை ஒரு கணம் பார்த்தார். பிறகு தூக்கின இடத்திலேயே காலை வைத்தார்.